ஒற்றை ஆள் மறியல்

விமானிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் தரை கேப்டன். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனாலும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. எட்டியபோது அவர் கோபப்படவில்லை. பத்தொன்பது வருடம் விமானம் ஓட்டியவர் ஒன்பது வருடமாகத் தரையை விட்டு எழும்பவில்லை என்றால், ஊர் வேறு என்ன பெயர் வைக்கும் என்று விட்டுவிட்டார்.

நாற்பத்தைந்து வயதில், ஒரு விடுமுறைக் காலையில், முடிவெட்டும் கடையில் நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். அரை நிமிடம்கூட இருக்காது. கண் திறந்தபோது கடைக்காரர் ஒரு கையில் கத்தரியோடு மறு கையால் செய்தித்தாளை வீசிக்கொண்டிருந்தார். இவர் எழுந்து, தண்ணீர் குடித்து, மிச்சப் பாதித் தலையையும் வெட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அரையாண்டு உடல் பரிசோதனையில் டாக்டர் வழக்கமான கேள்விகளை, பதிலை எதிர்பார்க்காத குரலில், வரிசையாக வாசித்துக்கொண்டு போனார்.

"எப்பவாவது மயக்கம் வந்திருக்கா?"

"ஒரு தடவை," என்றார் இவர்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு தலைக்கு ஒரு படம், நெஞ்சுக்கு ஒரு படம், ஓடும் பட்டையில் நடக்க வைத்து ஒரு சோதனை. எதிலும் ஒன்றும் தென்படவில்லை. காரணம் தெரிந்திருந்தால் மருந்து கொடுத்திருப்பார்கள். தெரியாததால் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"சொல்லாம இருந்திருக்கலாமேங்க," என்றாள் மனைவி.

"எனக்குப் பின்னாடி நூத்தியெண்பது பேர் உக்காந்திருக்காங்களே."

அவருக்கு அந்த மயக்கம் இன்றுவரை மறுபடி வரவில்லை.

நிறுவனம் அவரை வீட்டுக்கு அனுப்பக் கடிதம் தயார் செய்தது. அப்போதுதான் விமானிகள் சங்கம் குறுக்கே வந்தது. அட்டவணையில் இருப்பதற்கு மேல் ஒரு விமானம்கூட யாரும் எடுக்க மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றார்கள். ஆறாவது நாள் நிறுவனம் இறங்கி வந்து, பயிற்சி மையத்தில் அவருக்கு ஒரு வேலை கொடுத்தது. உடல்நிலையால் பறக்க முடியாமல் போனவரும் உறுப்பினராகவே தொடரலாம் என்று சங்கமும் விதியைத் திருத்திக்கொண்டது. அன்றிலிருந்து அவர் ஒரு பொதுக்குழுவையும் தவறவிட்டதில்லை. மூன்றாம் வரிசை, நடைபாதையை ஒட்டிய நாற்காலி. அதிகம் பேச மாட்டார். கை தூக்க வேண்டிய இடத்தில் சங்கத்தோடு சேர்ந்து தூக்குவார்.

பயிற்சி மையம் விமான நிலையத்துக்கு வெகுதூரத்தில், தொழிற்பேட்டைக்குள், ஒரு டயர் கிடங்குக்கும் அட்டைப்பெட்டி ஆலைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே உயரமான கூடத்தில் ஆறு இரும்புக் கால்களின் மேல் வெள்ளைப் பெட்டி ஒன்று நிற்கும். அதுதான் சிமுலேட்டர். பெட்டிக்குள் உண்மையான விமானி அறை. ஜன்னலில் பொய்யான வானம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு விமானியும் அங்கே வந்து தேர்வு எழுதுவதுபோல ஓட்டிக் காட்ட வேண்டும். தரை கேப்டன் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, திரையைத் தொட்டுத் தொட்டு, இடது இயந்திரத்தில் தீ வைப்பார், சக்கரத்தை இறங்காமல் சிக்க வைப்பார், ஓடுபாதையைப் பனியால் மூடுவார். பிறகு விளக்கைப் போட்டு, "ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு வாங்க," என்பார். அவரிடம் தோற்றவர்கள்கூட அவரைத் திட்டியதில்லை. தோல்வியைச் சொல்வதற்கு முன் கதவை மூடிவிட்டுச் சொல்வார்.

வீட்டில் நடந்ததைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. பறந்துகொண்டிருந்த காலத்தில் மாதத்தில் பாதி நாள் அவர் வெளியூரில் இருப்பார். திரும்பி வந்தால் விருந்தாளி வந்ததுபோல வீடே கலகலக்கும். தரைக்கு வந்த பிறகு தினமும் மாலை ஆறு மணிக்குச் செருப்பைக் கழற்றி வைத்தார். முதல் வருடம் இருவருக்கும் அது புதுமையாக இருந்தது. இரண்டாம் வருடம், ஒரே அறையில் யார் எந்த ஜன்னலைத் திறப்பது என்றுகூடத் தங்களுக்குப் பேசிப் பழக்கமில்லை என்பது தெரிந்தது. அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது மனைவி ஒரு மாதத்துக்கு என்று போனாள். அக்கா எழுந்து நடக்க ஆரம்பித்தும் அவள் அங்கேயே இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வாள். உடம்பு எப்படி, மோட்டார் ரிப்பேர் பார்த்தாச்சா, மகள் பேசினாளா என்று கேட்பாள். எப்போது வருகிறாய் என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் ஒரு தேதி சொல்ல வேண்டியிருக்குமே என்று அவளுக்குச் சங்கடமாகிவிடும் என்பது அவர் எண்ணம். மகள் இன்னொரு ஊரில் கணவனோடு இருந்தாள். மூன்று அறை வீட்டில் ஓர் அறையைத்தான் அவர் பெருக்கினார்.

அந்த வருடம் மஞ்சள் வால் பெரிதாக வளர்ந்திருந்தது. விமானத்தின் வாலுக்கு மஞ்சள் அடித்த மலிவுக் கட்டண நிறுவனம் அது. தண்ணீர் கேட்டால்கூடக் காசு. ஆனால் டிக்கெட் பாதி விலை. அவர்களுக்குச் சொந்த சிமுலேட்டர் கிடையாது, இந்த மையத்தைத்தான் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பார்கள். அதனால் மஞ்சள் வால் விமானிகளைத் தரை கேப்டனுக்குத் தன் நிறுவனத்து ஆட்களைவிட நன்றாகத் தெரியும். போட்டியைச் சமாளிக்க அவருடைய நிறுவனமும் ஒரு மலிவுத் தங்கை நிறுவனம் தொடங்கப்போவதாக அறிவித்தது. அதே விமானங்கள், ஆனால் ஒப்பந்த விமானிகள். அவர்களுக்குச் சம்பளம் குறைவு, வேலை நேரம் கூடுதல், சங்கத்தில் சேர வழியில்லை.

பொதுக்குழு ஒரு பள்ளிக்கூடக் கலையரங்கில் கூடியது. சங்கச் செயலாளருக்கு 'மைக்' என்று பெயர். ஒலிவாங்கி கையில் வந்தால் திருப்பிக் கொடுக்க மாட்டார்.

"நம்ம கம்பெனியே நமக்குப் போட்டியா ஒரு கம்பெனி ஆரம்பிக்குது," என்றார் மைக். "இன்னிக்கு அந்தப் பக்கம் நாலு விமானம். அஞ்சு வருஷம் கழிச்சு இந்தப் பக்கம்தான் நாலு இருக்கும். இப்ப நிக்கலைன்னா அப்புறம் நிக்கறதுக்கு ஆளே இருக்காது."

கண்ணாடி போட்ட ஓர் இளம் துணை விமானி எழுந்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

"கேப்டன், உங்களுக்கு ரிட்டயர் ஆக மூணு வருஷம். சண்டை போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. நாம பத்து நாள் நின்னா பயணிங்க பத்து நாளும் மஞ்சள் வால்லதான் ஏறுவாங்க. ஏறினவங்க திரும்பி வருவாங்கன்னு எந்த நம்பிக்கையில சொல்றீங்க?"

"அதுல ஏறுறவன் நம்மகிட்டேர்ந்து போனவன் இல்லப்பா. பஸ்ஸுலேர்ந்து வந்தவன்," என்றார் பின் வரிசையில் ஒருவர். அரங்கம் சிரித்தது.

"சிரிங்க. என் தங்கச்சியே போன வாரம் அதுலதான் போனா," என்றான் கண்ணாடிக்காரன். "அண்ணன் ஓட்டுற விமானத்துல அவளுக்கு டிக்கெட் வாங்கக் கட்டுப்படியாகல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. விவாதம் மூன்று மணி நேரம் ஓடியது. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். வேலைநிறுத்தம் என்று முடிவானது. எதிர்த்துப் பேசிய கண்ணாடிக்காரனும், "பெரும்பான்மை சொன்னா சரி, நானும் நிக்கிறேன்," என்று உட்கார்ந்தான்.

வெளியே வரும்போது மைக் தரை கேப்டனின் தோளைத் தொட்டார். "நீங்க வரணும்னு கட்டாயம் இல்ல. பயிற்சி ஆளுங்களுக்கு இது பொருந்தாது."

"எனக்காக நீங்கள்லாம் நின்னீங்க இல்ல."

மைக்குக்கு அது பிடித்துவிட்டது. "அப்ப சிமுலேட்டர் கேட்டை நீங்க பாத்துக்குங்க. மஞ்சள் வால்காரங்க உள்ள போகக்கூடாது. ஆள் அனுப்பறேன்."

முதல் நாள் இரண்டு துணை விமானிகள் வந்தார்கள். பதாகையோடு அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பதினொரு மணிக்கு விமான நிலையத்தில் ஊர்வலம் இருக்கிறது என்று கிளம்பிப் போனார்கள். அதன் பிறகு ஆள் வரவில்லை. இரண்டு நாள் மைக் போனில், "இதோ அனுப்பறேன்," என்றார். மூன்றாம் நாளிலிருந்து போனும் வரவில்லை. நானூறு பேர் விமான நிலைய வாசலில் கோஷம் போடுவதை டயர் கிடங்கின் டிவியில் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

வாசல் காவலுக்கு இருந்த அம்மாவுக்குத்தான் தர்மசங்கடம். ஒன்பது வருடமாகக் காலையில் வணக்கம் சொல்லிக் கதவு திறந்துவிட்ட ஆள் கதவுக்கு வெளியே நிற்கிறார்.

"உள்ள வந்து நிழல்ல உக்காருங்க சார்."

"உள்ள வந்தா வேலைக்கு வந்த மாதிரி ஆயிடும்மா."

"அப்ப நாற்காலியாவது வெளிய வரட்டும்," என்று அவள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். ஒரு மணி நேரத்தில் மைய மேலாளர் மாடியிலிருந்து பார்த்துவிட்டார். அவள் முகம் சுருங்கத் திரும்பி வந்தாள். "கம்பெனி நாற்காலி மறியலுக்கு வரக்கூடாதாம் சார்." பக்கத்து டயர் கிடங்குக்காரர்கள் தேய்ந்த டயர் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு பலகை போட்டுக் கொடுத்தார்கள். அவசரத்துக்கு அவர்கள் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளவும் சொன்னார்கள். பகல் முழுவதும் அந்த டயர் மேல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு போலீஸ்காரர் தினமும் பைக்கில் வந்து கணக்கெடுத்துப் போவார்.

"எத்தனை பேர் சார்?"

"நான்தான்."

"தலைவர் யாருன்னு எழுதணும்."

"அதுவும் நான்தான்."

அவர் ஒரு முறை இவரையும் ஒரு முறை டயரையும் பார்த்தார். "கூட்டம் அமைதியா இருக்குன்னு போட்டுக்கறேன்," என்று கிளம்பினார்.

மகள் போன் செய்தாள். "அப்பா, வெயில்ல தனியா உக்காந்திருக்கீங்களாமே. ஒருத்தர் நின்னா யாருக்குப்பா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

ஞாயிறன்று சொன்னார். மனைவி, "வெயிலுக்குப் போட உங்க பழைய தொப்பி பரண்ல ரெண்டாவது பெட்டியில இருக்கு," என்றாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவள் வீட்டை நினைவில் வைத்திருந்தது அவருக்கு என்னவோ செய்தது. தொப்பி அங்கேதான் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை மஞ்சள் வால் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவள் அவருக்குத் தெரிந்த கேப்டன். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், மஞ்சள் வாலின் முதல் பெண் கேப்டன். கேப்டன் தேர்வை இவரிடம்தான் முடித்தாள். மேலாளர் எங்கிருந்தோ ஒரு மாற்றுப் பயிற்சியாளரை வரவழைத்து வைத்திருந்தார். அவள் கேட்டைத் தாண்டாமல் இவர் முன்னால் வந்து நின்றாள்.

"சார், வெள்ளிக்கிழமையோட என் தேர்வு காலாவதி ஆகுது. இன்னிக்கு உள்ள போகலைன்னா எனக்கு வேலை இல்ல. போனா நாளைக்கு உங்க முகத்தைப் பார்க்க முடியாது. என்ன பண்ணட்டும்?"

அவர் டயரிலிருந்து எழுந்து நின்றார். போகாதே என்று சொல்லத்தான் அங்கே அவரை நிறுத்தியிருந்தார்கள்.

"போகாதீங்கன்னு சொல்லணும்," என்றார்.

"சொல்றீங்களா?"

"உங்க வேலை போனா எங்க சங்கம் உங்களுக்காக நிக்காது. நிக்காத ஆள் எப்படிச் சொல்றது?"

அவள் கேட்டைத் தாண்டி உள்ளே போனாள். நான்கு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோதும் இவர் அங்கேயே இருந்தார். அவள் காரை அனுப்பிவிட்டு, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பாஸா?" என்று கேட்டார்.

"பாஸ். அந்த மாற்று ஆள் இயந்திரத்துல தீ வைக்கிறப்ப முன்னாடியே இருமுறார் சார். நீங்கன்னா தெரியவே தெரியாது."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நாங்க மலிவா ஓட்டுறதாலதான் உங்க பிழைப்பு போகுதுன்னு டிவியில சொல்றாங்க. நாங்க ஆசைப்பட்டா மலிவா ஓட்டுறோம்? மூணு வருஷம் முன்னாடி உங்க சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். இருபத்திரெண்டு பேர் கையெழுத்து. எங்களையும் சேத்துக்குங்க, எல்லாருக்கும் ஒரே விதி வரட்டும்னு கேட்டோம். எங்க மேனேஜருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவான். அப்படியும் எழுதினோம். பதில்கூட வரல."

தரை கேப்டனுக்கு அந்தக் கடிதம் நினைவிருந்தது. பொதுக்குழுவின் கடைசிப் பத்து நிமிடத்தில் வாசித்தார்கள். எல்லோருக்கும் பசி. "அவங்க நம்ம கம்பெனி ஆளுங்க இல்ல, கம்பெனியோட நேரடி ஊழியர்தான் உறுப்பினர்னு விதி இருக்கு," என்றார் மைக். நிராகரிக்கக் கைகள் எழுந்தன.

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது.

"அன்னிக்கு நானும் இருந்தேன்," என்றார். "வேண்டாம்னு கை தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். அவள் முகத்தில் இருந்தது களைப்பு.

"எதுக்கு சார்?"

"எல்லாரும் தூக்கினாங்க. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த சங்கம். அவங்க தூக்குற பக்கம் தூக்கிப் பழகிட்டேன். கடிதத்தைச் சரியாக் கேட்கக்கூட இல்ல."

அட்டைப்பெட்டி ஆலையிலிருந்து ஒரு லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அவள் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "சொன்னதுக்கு நன்றி," என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை எட்டு மணிக்குத் தொப்பியும் பதாகையுமாக வந்து உட்கார்ந்தார். எட்டேகாலுக்கு நிறுவனத்தின் வண்டி வந்து நின்றது. கண்ணாடிக்காரனும் ஒரு மூத்த கேப்டனும் சீருடையோடு இறங்கினார்கள். சங்கத்து ஆட்களே மறியலைத் தாண்டப்போகிறார்களே என்று பதாகையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"கேப்டன், நீங்க இன்னும் இங்கயா?" என்றான் கண்ணாடிக்காரன். "நேத்து மத்தியானமே முடிஞ்சிருச்சே. குரூப்புல போட்டாங்களே."

"எந்த குரூப்?"

கண்ணாடிக்காரன் போனை எடுத்தான். குரூப்பின் பெயரைப் பார்த்தான். 'பறக்கும் உறுப்பினர்கள்' என்று இருந்தது. அவன் போனை மறுபடி பைக்குள் வைத்துவிட்டான்.

மூத்த கேப்டன் இருமினார். தரை கேப்டனே கேட்டார், "இன்னிக்கு உங்களுக்குப் பயிற்சியாளர் யாரு?"

அட்டவணையில் அவர் பெயர்தான் போட்டிருந்தார்கள்.

பதாகையைக் காவல்கார அம்மாவிடம் கொடுத்தார். உள்ளே போய் முகம் கழுவினார். பெட்டிக்குள் ஏறி, அவர்கள் இருவருக்கும் பின்னால் உட்கார்ந்து, நான்கு மணி நேரம் அவர்கள் ஓட்டுவதைப் பார்த்தார். இருமவில்லை. இருவரும் தேறினார்கள். வெளியே வரும்போது காவல்கார அம்மா, "சொல்லியிருக்கக்கூடாதா சார் அவங்க," என்றாள். "மறந்திருப்பாங்கம்மா. பெரிய வேலை," என்றார்.

ஒப்பந்தத்தில் சம்பள உயர்வு இருந்தது, ஓய்வு நேரம் பற்றி ஒரு விதி இருந்தது. தங்கை நிறுவனமும் இருந்தது. சங்கத்தைக் 'கலந்தாலோசித்துத்' தொடங்குவார்களாம். பின்னிணைப்பில் ஒரு வரி: பயிற்சி மையம் வெளி ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கப்படும். நான்கு மாதத்தில் ஒப்படைத்துவிட்டார்கள். கட்டடமும் பெட்டியும் காவல்கார அம்மாவும் அப்படியேதான் இருந்தார்கள். அடையாள அட்டை மட்டும் மாறியது. அதற்கு அடுத்த வாரம் சங்கத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. இனி அவர் நிறுவனத்தின் நேரடி ஊழியர் அல்ல என்பதால் உறுப்பினர் தகுதி தானாகவே முடிவுக்கு வருகிறது. அவருடைய நீண்டகால ஒத்துழைப்புக்கு நன்றி.

கடிதத்தைச் சமையலறை மேடையருகில் நின்றபடி மூன்று முறை படித்தார். சத்தம் போட்டுச் சொல்ல ஆள் இல்லை. ஞாயிறு வர நான்கு நாள் இருந்தது. முதல் முறையாக நடுவாரத்தில் அவரே மனைவிக்குப் போன் செய்தார். கேட்டுவிட்டு அவள், "உங்களைப் போய் இப்படிப் பண்ணிட்டாங்களா," என்றாள். அப்புறம், "சாப்பிட்டீங்களா?" என்றாள். வரட்டுமா என்று கேட்பாளோ என்று ஒரு நொடி காத்திருந்தார். அவளும் எதற்கோ காத்திருந்ததுபோல்தான் இருந்தது. பிறகு அக்கா கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டாள்.

அடுத்த பொதுக்குழுவுக்குப் பார்வையாளராகப் போனார். மூன்றாம் வரிசையில் உட்காராமல் சுவரோரம் நின்றார். பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். அவர் தொடங்குவதற்குள் மைக் முந்திக்கொண்டார். "கடிதம் ஆபீஸ்ல வழக்கமா அடிக்கிறது, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு மட்டும் கௌரவ உறுப்பினர்னு ஒரு தீர்மானம் போட்டுடலாம். யாரும் எதிர்க்க மாட்டாங்க."

கைதட்டினார்கள். உண்மையாகவே தட்டினார்கள். அது அவருக்குத் தெரிந்தது.

"எனக்கு மட்டும்னா வேண்டாம்," என்றார்.

கைதட்டல் நின்றது.

"இதே விதியைச் சொல்லித்தான் மஞ்சள் வால்காரங்க இருபத்திரெண்டு பேரை வெளிய வெச்சோம். நானும்தான் வெச்சேன். இப்ப தங்கை கம்பெனியில ஒப்பந்தத்துல வர்றவங்களையும் வெளிய வெக்கப்போறோம். நாம மேல ஏத்தி வெச்ச சம்பளத்தைக் காட்டித்தான் கம்பெனி அவங்களை மலிவா எடுக்குது. அவங்க மலிவைக் காட்டி நாளைக்கு நம்மளை இறக்கும். யார் கம்பெனின்னு பாக்காம, விமானி உரிமம் வெச்சிருக்கிற எல்லாரையும் சேத்துக்குங்க. பயிற்சி கொடுக்கிறவங்களையும். அப்படி ஒரு தீர்மானம் வந்தா அதுக்குள்ள நானும் வர்றேன்."

"அவங்க வேலைநிறுத்தத்தப்ப நம்ம பயணிங்களை அள்ளிக்கிட்டுப் போனாங்க," என்று ஒருவர் எழுந்தார். "அவங்களை உள்ள விடணுமா?"

"வெளியவே இருந்தா அடுத்த தடவையும் அள்ளத்தான் செய்வாங்க."

"பார்வையாளர் தீர்மானம் கொண்டுவர முடியாது," என்றார் மைக், மெதுவாக, வருத்தத்தோடு. அதுவும் விதிதான்.

"நான் கொண்டுவர்றேன்," என்று கண்ணாடிக்காரன் எழுந்தான். வழிமொழிய ஆள் கிடைக்க வெகு நேரம் ஆனது. கடைசியில் முன்பு பஸ் என்று கிண்டலடித்த பின்வரிசைக்காரர் பெருமூச்சு விட்டுக் கையைத் தூக்கினார். ஒரு மணி நேரம் வாதாடினார்கள். தீர்மானம் தோற்றது. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான கைகள் ஆதரவாக எழுந்தன. தரை கேப்டன் சுவரோரம் நின்று எண்ணினார். அவருடைய கைகள் கால்சட்டைப் பைகளில் இருந்தன.

கலையரங்கிலிருந்து பஸ் நிறுத்தம்வரை கண்ணாடிக்காரன் கூடவே வந்தான். பஸ் வந்ததும், "அந்த குரூப்புல உங்களைச் சேக்கச் சொன்னேன் சார். அட்மின் ஒத்துக்கல," என்றான். "பரவாயில்லப்பா," என்று ஏறிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து மஞ்சள் வால் கேப்டன் போன் செய்தாள். மூன்றில் ஒரு பங்கு என்ற சேதி அவர்களுக்கும் போயிருந்தது. அவ்வளவு பேர் இருப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லையாம். காத்திருந்து பயனில்லை, சொந்தமாக ஒரு சங்கம் பதிவு செய்யப்போகிறோம், கூட்டம் எப்படி நடத்துவது என்றுகூடத் தெரியவில்லை, வந்து சொல்ல முடியுமா என்று கேட்டாள். சனிக்கிழமை காலை, ஒரு டியூஷன் வகுப்பின் மேல்மாடி அறையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்கப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சீருடையில் வரவில்லை. கரும்பலகையில் பின்னக் கணக்கு அழிக்காமல் இருந்தது.

நிகழ்ச்சி நிரல் எழுதுவது, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் இருப்பது, எதிர்த்து ஓட்டுப் போட்டவர் பெயரையும் குறிப்பில் எழுதுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டார்கள். வேகமாகச் சண்டையும் போட்டார்கள். ஓய்வு நேரம் கேட்டு நிர்வாகத்துக்குப் பெயர் போட்டுக் கடிதம் கொடுப்பதா வேண்டாமா என்பது பிரச்சினை. கொடுத்தால் பதினோரு பேரும் சேர்ந்து போகலாம், வேலையை விட்டும் சேர்ந்தே போகலாம் என்றான் ஒருவன்.

"நீங்க சொல்லுங்க சார்," என்றாள் அவள்.

"நான் சொல்லக்கூடாது. நான் உறுப்பினர் இல்ல."

"இங்க உங்களை யாரு கேட்கப்போறாங்க?"

"ஓட்டெடுக்கும்போது உறுப்பினர் இல்லாதவங்க அறையில இருக்கக்கூடாது. எழுதிக்குங்க," என்றார். அவள் எழுதினாள். அவர் எழுந்து, கதவைப் பின்னால் சாத்திவிட்டு, வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்சும், தண்ணீர்ப் பானையும், ஒரே ஒரு பிள்ளையின் குடையும் இருந்தன. கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரர் யாரோடோ பேரம் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே குரல்கள் ஏறின, இறங்கின, பெஞ்சு இழுபட்டது. பிறகு சத்தமே இல்லை. ஒரு மணிக்கு அவருக்கு மையத்தில் வேலை இருந்தது. தங்கை நிறுவனத்தின் முதல் ஒப்பந்த விமானிகள் இரண்டு பேர் வருகிறார்கள். பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தபோது அவள் கையில் நோட்டு இருந்தது. "ஏழுக்கு நாலு சார். கடிதம் கொடுக்கிறோம். எதிர்த்த நாலு பேரும் கையெழுத்துப் போடறாங்க."

"நல்லது," என்றார். அவள் தேதியைச் சரியாக எழுதியிருக்கிறாளா என்று நோட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி படியிறங்கி, பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.